பேய் வீடும் புகைபோக்கியும்

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கின்ற விஷயம் உங்களில் பலருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். வெயிலில் வெந்துகொண்டிருக்கின்ற நம் ஊரில் வந்து நின்றுகொண்டு, குளிர் தேசங்களில் வீட்டைச் சூடுபடுத்துகின்ற உலையைப் பற்றி ஒருவன் பேசுவதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால், இந்த ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் எத்தனை பிள்ளைகள் இன்று கனடாவிலும், அமெரிக்காவிலும், இங்கிலாந்திலும் குடித்தனம் நடத்துகின்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒரு குடும்பத்திற்கு நேர்ந்த சங்கதிதான் நம்மை இங்கே பேச வைத்தது. அந்தச் சங்கதியில் நாமும் ஒரு தப்புச் செய்தோம். அதைப் பின்னால் சொல்கின்றோம்.

முதலில் ஒரு பேய்க் கதையைக் கேளுங்கள். இது பாட்டி சொன்ன கதையல்ல. வில்மர் என்கின்ற கண் வைத்தியர் 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதி வைத்த உண்மை. 1912ஆம் ஆண்டு ஒரு குடும்பம் ஒரு பழைய பெரிய வீட்டில் குடியேறிற்று. கொஞ்ச நாளில் வீட்டார்க்கெல்லாம் தலைவலி, சோர்வு. குழந்தைகள் வெளிறிப்போய்ச் சாப்பிட மறுத்தன. தொட்டிச் செடிகள் வாடிச் செத்தன. இரவில் யாரோ நடக்கின்ற சப்தம் கேட்டது. ஆள் இல்லாத இடத்தில் உருவங்கள் தெரிந்தன. வேலைக்காரர்களும் அப்படியே கண்டதாகச் சொன்னார்கள். இதற்கு மேல் என்ன ருஜு வேண்டும்? நம் ஊராக இருந்தால் மலையாள மந்திரவாதிக்குத் தந்தி போயிருக்கும்!

ஆனால், அந்த வீட்டுக்காரருடைய சகோதரருக்கு ஒரு யோசனை தோன்றிற்று. “உங்களுக்கு விஷம் ஏறியிருக்கின்றது. உலையைச் சோதித்துப் பாருங்கள்” என்றார். சோதித்தார்கள். உலை கெட்டுக் கிடந்தது. நிலக்கரி சரியாக எரியவில்லை. புகைபோக்கி வழியாக மேலே போகவேண்டிய புகை வீட்டிற்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது. உலையைச் செப்பனிட்டார்கள். அதோடு பேயும் போய்விட்டது, தலைவலியும் போய்விட்டது. பேயை ஓட்டியது வேப்பிலையா? ஜபமா? இல்லை. ஒரு கொத்தனும் ஒரு கொல்லனும் செய்கின்ற வேலைதான் ஓட்டிற்று.

அந்த விஷம் எது என்பதைச் சற்று விளக்க வேண்டியதாயிருக்கின்றது. விறகாகட்டும், கரியாகட்டும், எரிவாயுவாகட்டும், எதுவும் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு கன அடி எரிவாயு நன்றாக எரிய ஏறக்குறைய பத்துக் கன அடி காற்று தேவை. அவ்வளவும் கிடைத்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. காற்றுப் போதாவிட்டாலோ கார்பன் மோனாக்சைடு என்கின்ற வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்கின்ற சிவப்புப் பொருளை இது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் அழுத்தமாகப் பிடித்துக்கொள்கின்றது. பஸ்ஸில் எல்லா ஆசனத்திலும் ஒருவன் துண்டைப் போட்டுவிட்டால் பிறகு ஏறுகின்றவன் எங்கே உட்காருவான்? அதுபோலப் பிராணவாயு ஏற இடமில்லாமல், மனிதன் மூச்சு விட்டுக்கொண்டே மூச்சுத் திணறிச் சாகின்றான்.

இந்த விஷத்தின் வேலையைப் பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் 1857லேயே கண்டு சொன்னார். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்கின்ற ஸ்காட்லாந்து நாட்டு ஆராய்ச்சிக்காரர் 1890களில் இந்த வாயுவைத் தாமே சுவாசித்து, என்ன ஆகின்றது என்று குறிப்பெழுதினார். 1896ல் வேல்ஸ் தேசத்து டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்தபோது, தொழிலாளர்களில் பெரும்பாலோர் வெடியால் அல்ல, அதன் பின்னே வந்த இந்த வாயுவால்தான் இறந்தார்கள் என்று காட்டினவரும் அவரே. சுரங்கத்திற்குள் சிறு பிராணிகளைக் கொண்டுபோங்கள், மனிதனுக்கு முன்னே அவை மயங்கி எச்சரிக்கை செய்யும் என்றார். அந்தப்படியே பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை கூண்டில் கானரிக் குருவி வைத்திருந்தார்கள். பல்லி சொன்ன பலனைக் கேட்டு அவர்கள் சுரங்கத்தில் இறங்கவில்லை. குருவி மயங்குகின்றதா என்று பார்த்து இறங்கினார்கள். சகுனத்திற்கும் சோதனைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

படித்தவர்களுக்கு இந்த விஷம் விலக்களிக்குமா என்றால் அதுவுமில்லை. டிரைபஸ் என்கின்ற நிரபராதிக்காக 1898ல் பிரெஞ்சு சர்க்காரையே எதிர்த்து எழுதிய எமிலி ஜோலா, 1902 செப்டம்பர் மாதத்தில் பாரிஸ் நகரில், ஜன்னல் சாத்திய படுக்கையறையில், அடைபட்ட புகைபோக்கியின் கீழே எரிந்த நெருப்பினாலேயே இறந்தார். அதே அறையில் படுத்திருந்த அவருடைய மனைவி பிழைத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய அறிவாளியானாலும் மூக்கிற்குத் தெரியாத விஷத்தை மூக்கால் கண்டுகொள்ள முடியாது.

இது பழங்கதைதானே, இப்பொழுதுதான் நல்ல உலைகள் வந்துவிட்டனவே என்று சொல்லலாம். இங்கேதான் விஷயம் இருக்கின்றது. புது ஏற்பாடு வந்த இடத்திலேயே பழைய விஷம் திரும்பி வருகின்றது. அது எப்படி என்று பாருங்கள்.

1973ல் பெட்ரோல் விலை உலகமெங்கும் ஏறியபோது, குளிர் தேசத்து ஏழைகள் வீட்டைச் சூடாக்க முடியாமல் தவித்தார்கள். வீட்டின் ஓட்டை சந்து வழியாகச் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. தெருவைச் சூடாக்கத்தான் அவர்கள் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லவேண்டும். 1976ல் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் செய்து, வருமானம் குறைந்தவர்களுடைய வீடுகளின் சந்துகளை அடைத்து, கூரைப் பரணில் பஞ்சு போன்ற பொருளைத் திணித்துக் கொடுக்கின்ற திட்டத்தைத் துவக்கிற்று. கனடா சர்க்காரும் 2021ல் இம்மாதிரி வேலைக்கு ஒரு வீட்டிற்கு 5,000 டாலர் வரை மானியம் கொடுக்கத் துவக்கி, 2024ல் புது மனுக்களை நிறுத்திக்கொண்டது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. எரிபொருள் மிச்சம், பணம் மிச்சம், கிழவர்களும் குழந்தைகளும் குளிரில் நடுங்குவதில்லை. இதை நாம் குறை சொல்ல வரவில்லை.

ஆனால், வீடு என்பது தனித்தனிச் சாமான்களின் குவியல் அல்ல. ஓரிடத்தில் கை வைத்தால் இன்னோரிடத்தில் அசையும். அந்தத் தேசங்களில் அநேக வீடுகளின் நிலவறையில் வெந்நீர்க் கொதிகலன் ஒன்று நிற்கின்றது. பழைய மாதிரிக் கொதிகலனுக்கு விசிறி ஒன்றுமில்லை. அடியில் எரிவாயு எரிகின்றது. சூடான புகை லேசாயிருப்பதால் தானாகவே குழாய் வழியே மேலேறி, புகைபோக்கியால் வெளியே போகின்றது. கொதிகலனின் தலைக்கும் குழாய்க்கும் நடுவில் குல்லாய் போன்ற ஒரு திறந்த இடைவெளியும் இருக்கின்றது. புகையை மேலே இழுக்கின்ற சக்தி மிக அற்பம். அதைவிடச் சற்று அதிகமாக வீட்டிற்குள்ளிருந்து எதிர் இழுப்பு ஏற்பட்டால், மேலே போகவேண்டிய புகை அந்த இடைவெளி வழியே கீழே கவிழ்ந்துவிடும்.

எவ்வளவு இழுத்தால் கவிழும்? இதை அளப்பதற்குப் பாஸ்கல் என்றொரு அளவு இருக்கின்றது. ஒரு பாஸ்கல் என்பது ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இம்மாதிரிக் கொதிகலன்களுக்கு 2 முதல் 5 பாஸ்கல் வரைதான் எல்லையாக வைத்திருக்கின்றார்கள். அதாவது அரை மில்லிமீட்டர் தண்ணீரைத் தூக்குகின்ற பலம் போதும். இளநீரை உறிஞ்சுகின்ற குழந்தையின் வாய்க்கு அதைவிட எத்தனையோ மடங்கு பலம் உண்டு!

இந்த இழுப்பைச் செய்கின்றது யார்? சமையலறைப் புகையை வெளியே தள்ளுகின்ற விசிறி, குளியலறை விசிறி, துணி உலர்த்துகின்ற இயந்திரம் ஆகிய இவைகளே. நடுத்தரமான ஒரு சமையலறை விசிறி நிமிடத்திற்கு 300 கன அடி காற்றை வெளியே தள்ளுகின்றது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையின் காற்று முழுவதும் மூன்றரை நிமிடத்திற்குள் வெளியேறுகின்ற கணக்கு. வெளியே போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்துதான் தீரவேண்டும். பழைய வீட்டில் சந்து பொந்து வழியாக வந்தது. சந்தையெல்லாம் அடைத்த பின்பு அது எங்கே போகும்? திறந்திருப்பது ஒரே ஒரு வழி, அதுதான் புகைபோக்கி. வெளியே போகவேண்டிய பாதை உள்ளே வருகின்ற பாதையாகிவிடுகின்றது.

இன்னொன்றும் நடக்கின்றது. பழைய வீட்டில் சூடேற்றும் உலையும் கொதிகலனும் சேர்ந்து ஒரே புகைபோக்கியை உபயோகிக்கும். உலையின் பெரிய சூட்டினால் புகைபோக்கி எப்பொழுதும் சூடாயிருந்து நன்றாக இழுக்கும். புதிதாக வருகின்ற உலைகள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூட்டைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகையால் அவற்றின் புகை ஆறிப்போய், ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே சுவரோரமாக வெளியேறிவிடுகின்றது. பழைய பெரிய புகைபோக்கியில் கொதிகலன் மாத்திரம் தனியாக நிற்கின்றது. அந்த வேலைக்காரர்களே இதை “அநாதைக் கொதிகலன்” என்றுதான் சொல்லுகின்றார்கள். ஆறிப்போன புகைபோக்கிக்கு இழுப்பு ஏது? நீராவி உள்ளே படிந்து புகைபோக்கியை அரிக்கவும் அரிக்கின்றது.

நிற்க. இப்பொழுது நாம் முதலில் சொன்ன குடும்பத்திற்கு வருவோம். நம் தோழர் ஒருவருடைய தமக்கை கணவரோடும் இரண்டு குழந்தைகளோடும் டொராண்டோ நகரத்தில் இருக்கின்றார். அவர்களுடைய சம்மதத்தின் பேரில் பெயர் இல்லாமல் சொல்கின்றோம். ஒரு வருஷம் குளிர்காலத்திற்கு முன்னே பழைய வீட்டைப் புதுப்பித்தார்கள். புது ஜன்னல் போட்டார்கள். சந்தெல்லாம் அடைத்தார்கள். பரணில் பஞ்சு திணித்தார்கள். புது உலை வைத்தார்கள். நம் தாளிப்பும் மீன் வறுவலும் வீடெங்கும் மணக்கின்றதென்று சமையலறையில் பலமான விசிறி ஒன்றும் வைத்தார்கள். கொதிகலனை மாத்திரம், “நன்றாகத்தானே இருக்கின்றது” என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

மார்கழி பிறந்ததிலிருந்து அந்த அம்மாளுக்குத் தலைவலி, குமட்டல். சின்னக் குழந்தை எந்நேரமும் தூங்கி விழுந்தது. புது ஜன்னலெல்லாம் தண்ணீர் வழிந்தது. வேலைக்குப் போன நாட்களில் தலைவலி குறைந்தது. விருந்தாளி வந்து ஞாயிறு முழுவதும் சமையலும், துணி உலர்த்துதலும், வெந்நீர்க் குளியலுமாக இருந்தால் அன்றிரவு எழுந்திருக்க முடியவில்லை. இங்கே இருக்கின்ற தாயார் ஜோசியரிடம் ஓடினார். ஏழரை நாட்டுச் சனி என்றும், புதுப்பித்த வீட்டிற்குக் கண் திருஷ்டி என்றும் சொல்லிப் பரிகாரத்திற்குப் பணம் வாங்கிக்கொண்டான். சாத்திய அறையில் தினந்தோறும் கற்பூரம் கொளுத்த வேண்டுமென்றும் உத்தரவு போட்டான். எரிகின்ற வீட்டில் எண்ணெய் வார்த்த கதைதான்.

தம்பி நம்மிடம் வந்து கேட்டார். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? ஜோசியனைப் பற்றி அரைமணி நேரம் கிண்டலாகப் பேசினோம். “சனியாவது, கிரகமாவது! குளிர் தேசம், ஓயாத வேலை, தூக்கக் குறைவு. அதனால் வருகின்ற தலைவலிதான் இது” என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டோம். தோழர்களே! இதுதான் நாம் செய்த தப்பு. ஜோசியன் வீட்டைப் பார்க்காமல் சொன்னான். நாமும் வீட்டைப் பார்க்காமல் சொன்னோம். அவன் எதையும் அளக்கவில்லை, நாமும் அளக்கவில்லை. அவன் பணம் வாங்கிக்கொண்டு சொன்னான், நாம் பணம் வாங்காமல் சொன்னோம் என்பதைத் தவிர என்ன வித்தியாசம்? கடவுள் பெயரால் சொன்னால் மூடநம்பிக்கை, பகுத்தறிவின் பெயரால் சொன்னால் உண்மை என்றாகிவிடுமா? சோதிக்காமல் சொல்லுகின்றதெல்லாம் ஜோசியமேதான்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் தம்பி வந்து, “இப்பொழுது விருந்துக்கு வந்தவர்களுக்கும் வாந்தி” என்றார். வீட்டிலிருக்கின்ற எல்லோருக்கும் ஒரே வியாதி, வெளியே போனால் சுகம் என்றதும்தான் அந்தப் பழைய பேய் வீடு நமக்கு ஞாபகம் வந்தது. உடனே டெலிபோனில் கூப்பிட்டு, “ஜன்னலைத் திற, எல்லோரும் வெளியே போங்கள், எரிவாயுக்காரர்களைக் கூப்பிடுங்கள்” என்று சொல்லச் சொன்னோம். அவர்கள் வந்து அளந்தார்கள். சமையலறை விசிறியை ஓடவிட்டதும் கொதிகலனின் புகை அவ்வளவும் நிலவறைக்குள் கவிழ்ந்தது. தன் புகையைத் தானே குடித்த நெருப்பு, விஷத்தைக் கக்கிக்கொண்டிருந்தது. கொதிகலனில் சிவப்புச் சீட்டை ஒட்டி, எரிவாயுவை நிறுத்திவிட்டுப் போனார்கள். ஒருவரும் சாகவில்லை. இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் நமக்கு உடம்பு நடுங்குகின்றது.

அந்த வீட்டில் எச்சரிக்கைக் கருவி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது! ஆனால், அதனுடைய ஆயுள் முடிந்து எத்தனையோ நாளாகியிருந்தது. இந்தக் கருவிகளுக்கு ஏழு முதல் பத்து வருஷம்தான் ஆயுள். சாமி படம் மாட்டியதைப் போல அதையும் மாட்டிவிட்டு, அது காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானக் கருவியாயிருந்தாலும் சோதிக்காமல் மாட்டி வைத்தால் அதுவும் தாயத்துத்தான்.

இங்கே ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கின்றார். “புதுக் கருவி ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் போதாதா?” என்று கேட்கின்றார். கட்டாயம் மாட்டவேண்டும். கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்து உட்ஸ்டாக் நகரில் 2008 டிசம்பரில் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரே குடும்பத்தில் நான்கு பேர் மாண்டார்கள். அவ்வீட்டில் கருவி இல்லை. அதன் பிறகே 2013ல் அம்மாகாணத்தில் சட்டம் இயற்றி, எரிபொருள் உபயோகிக்கின்ற வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கருவி இருக்கவேண்டுமென்று செய்தார்கள். அமெரிக்காவில் நெருப்பு விபத்தில்லாமல் இந்த வாயுவினால் மாத்திரம் வருஷத்திற்கு 400 பேருக்கு மேல் சாகின்றார்கள். ஆகவே, கருவி வேண்டும்.

ஆனால், கருவி கத்தவில்லை என்பதனாலேயே காற்று சுத்தம் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் யூ.எல். 2034 என்றொரு விதி இருக்கின்றது. அதன்படி, காற்றில் பத்து லட்சத்தில் 400 பங்கு விஷமிருந்தால் 4 முதல் 15 நிமிடத்திற்குள் கருவி கத்தவேண்டும். 70 பங்கு இருந்தால் ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரத்திற்குள் கத்தினால் போதும். 30 பங்கு இருந்தால் 30 நாள் வரை கத்தவே கூடாது. அதே தேசத்தில் வெளிக்காற்றுக்கு வைத்திருக்கின்ற எல்லை எட்டு மணி நேரத்திற்கு 9 பங்குதான். கர்ப்பிணிகளும், சிசுக்களும், இருதய நோயாளிகளும் குறைந்த அளவிலேயே துன்பப்படுவார்கள். கருவி உயிர் போகாமல் தடுப்பதற்கு வைத்த கடைசிக் காவல். முதற்காவல் சோதனைதான்.

அந்தச் சோதனை ஒன்றும் மந்திரமல்ல. வீட்டின் ஜன்னல், வெளிக் கதவுகளையெல்லாம் சாத்துகின்றார்கள். விறகுக் கணப்பு இருந்தால் அதன் மூடியையும் அடைக்கின்றார்கள். பிறகு காற்றை வெளியேற்றுகின்ற விசிறிகள், துணி உலர்த்துகின்ற இயந்திரம் எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிடுகின்றார்கள். உட்கதவுகளைத் திறந்தும் மூடியும், எப்பொழுது இழுப்பு மிக அதிகமோ அந்த நிலையில் வைக்கின்றார்கள். அதாவது அந்த வீட்டிற்கு வரக்கூடிய மிக மோசமான நாளை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கின்றார்கள். அப்பொழுது கொதிகலனை மூட்டி, அந்த இடைவெளியில் புகைக்குச்சியையோ கண்ணாடியையோ காட்டுகின்றார்கள். சில நிமிடத்தில் புகை மேலேறிவிட்டால் சரி. தொடர்ந்து வெளியே வழிந்தால், கண்ணாடி வேர்த்தால், அது ஆபத்து. புகைக்குழாய்க்குள் விஷம் எவ்வளவு என்றும் கருவியால் அளக்கின்றார்கள். இதை வேலை துவங்குமுன் ஒரு தடவையும், வேலை முடிந்தபின் ஒரு தடவையும் செய்யவேண்டும். அன்றியும், சந்து அடைக்கின்ற வேலை நடக்கின்ற நாட்களில், அன்றன்று வேலை முடிந்ததும் செய்யவேண்டும். ஏனென்றால் அன்றிரவும் அந்த வீட்டில் ஜனங்கள் தூங்குகின்றார்கள் அல்லவா?

அந்தக் குடும்பத்தில் இச்சோதனை ஏன் நடக்கவில்லை? ஜன்னல்காரன் ஜன்னலை மாத்திரம் பார்த்தான். பஞ்சுக்காரன் பஞ்சை மாத்திரம் பார்த்தான். உலைக்காரன் உலையை மாத்திரம் பார்த்தான். விசிறிக்காரன் விசிறியை மாட்டிவிட்டுப் போனான். அவனவன் குலத்தொழில் அவனவனுக்கு என்று நம் நாட்டில் சொன்னதைப் போல, ஒருவன் வேலையில் மற்றவன் தலையிடவில்லை. எல்லோரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். வீட்டைப் பார்க்கத்தான் ஒருவருமில்லை!

இன்னொரு தோழர் கேட்கின்றார்: “அப்படியானால் வீட்டை ஓட்டையாகவே விட்டுவிட்டால் நல்லதல்லவா?” இல்லை, தோழரே! ஓட்டை வழியே காற்று வருவதும் வராததும் வெளியே அடிக்கின்ற காற்றையும் குளிரையும் பொறுத்தது. அந்த ஓட்டையை நம்புவதும் அதிர்ஷ்டத்தை நம்புவதும் ஒன்றுதான். 1912ஆம் ஆண்டின் பேய் வீட்டை யாரும் இறுக்கி அடைக்கவில்லையே! பரிகாரம் வேறு. எரிவதற்கு வேண்டிய காற்றைத் தனிக்குழாயால் வெளியிலிருந்தே எடுத்துக்கொண்டு, புகையையும் தனிக்குழாயால் வெளியே விடுகின்ற, அடைப்புள்ள கொதிகலன்கள் இருக்கின்றன. அவற்றின் நெருப்புக்கும் வீட்டுக் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அல்லது மின்சாரத்தினாலேயே வெந்நீரும் சூடும் உண்டாக்கிக்கொண்டால் வீட்டிற்குள் நெருப்பே வேண்டியதில்லை. பலமான விசிறி வைத்தால், வெளியேறுகின்ற காற்றுக்கு ஈடாகச் சுத்தக் காற்று உள்ளே வர ஒரு வழியும் வைக்கவேண்டும். வீட்டை இறுக்கு, ஆனால் மூச்சு விடவும் வழி செய் என்பதுதான் அதன் சாரம்.

கடைசியாக, இதில் நமக்கு என்ன என்று கேட்கின்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பட்டணங்களில் சின்னக் குளியலறைக்குள்ளேயே எரிவாயுவால் வெந்நீர் போடுகின்ற கீசரை மாட்டி, கதவைச் சாத்தி, ஜன்னலையும் அடைத்துக்கொண்டு குளிக்கின்றவர்கள் இருக்கின்றார்கள். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் போய், குளிருக்குப் பயந்து கரியடுப்பை அறைக்குள்ளே வைத்துக்கொண்டு தூங்குகின்றவர்களும் இருக்கின்றார்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரை வீட்டிற்குள் வைத்து ஓட்டுகின்றவர்களும் உண்டு. தேசம் வேறானாலும் வாயு ஒன்றுதான். கரியடுப்பில் புகை கண்ணுக்குத் தெரியவில்லையே என்று ஏமாந்துபோகாதீர்கள். தணல் நன்றாகச் சிவந்து, புகையே இல்லாமல் இருக்கும்பொழுதும் இந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும். கீசரைக் குளியலறைக்கு வெளியே வைத்து, வெந்நீரை மாத்திரம் குழாயில் கொண்டுவாருங்கள். மூடிய அறையில் கரி நெருப்பு வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கின்ற தாய்மார்களே! இன்றிரவு டெலிபோனில் பேசும்பொழுது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு இந்தக் கேள்விகளையும் கேளுங்கள். வீட்டில் வெந்நீர்க் கொதிகலன் எந்த மாதிரி? எச்சரிக்கைக் கருவியின் பின்னால் போட்டிருக்கின்ற வருஷம் என்ன? வீட்டைப் புதுப்பித்த பின்பு, விசிறிகளையெல்லாம் ஓடவிட்டு யாராவது சோதித்தார்களா? தலைவலி வெளியே போனால் குறைகின்றதா? பரிகாரத்திற்குக் கொடுக்கின்ற பணத்தில் புதுக் கருவியே வாங்கிவிடலாம்.

நாம் சொன்னதற்காக இதையெல்லாம் நம்பவேண்டாம். நாம் ஒரு தடவை சோதிக்காமல் சொல்லி, ஒரு குடும்பத்தை மூன்று வாரம் விஷத்தில் விட்டவர்கள் என்பதை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டுவிட்டோம். ஆகவே, யார் சொன்னாலும் அளந்து பாருங்கள். ஜோசியன் சொன்னாலும் சரி, வியாபாரி சொன்னாலும் சரி, நம்மைப் போன்ற பிரசாரகன் சொன்னாலும் சரி, அளந்து பார்த்த பின்பே ஒப்புக்கொள்ளுங்கள்.